வந்துபோனவர்களின் கதைகள்

அந்தமானைப் பற்றித் தமிழில் வந்த கதைகளையும் படங்களையும் எடுத்துப் பாருங்கள். கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவன் இருப்பான். விலங்கோடு இறக்கப்பட்ட கைதி இருப்பான். ஊர் சுற்றிப் பார்க்க வந்த தம்பதி இருப்பார்கள். கதை முடிவதற்குள் அவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள், இல்லையென்றால் இங்கேயே செத்துப்போவார்கள். இங்கேயே தங்கி, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, தீவுவாசி என்று காட்டும் ஐலேண்டர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜெட்டியில் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கிற மனிதர் ஒரு பாத்திரமாக வருவது அரிது.

நான் ஃபீனிக்ஸ் பேயில் பிறந்தவள். அப்பா டாக்யார்டில் ஃபிட்டர். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஐம்பதுகளில் கப்பலேறி வந்தவர். நான் போர்ட் பிளேயர் பள்ளிகளில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது, என் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. வேலையில் இருந்த காலமெல்லாம் நான் திருத்திய விடைத்தாள்களில் ‘பாத்திரப் படைப்பை விளக்குக’ என்ற கேள்வி தவறாமல் இருக்கும். பிள்ளைகள் ஆதிரையைப் பற்றி எழுதுவார்கள், சாதுவனைப் பற்றி எழுதுவார்கள். தாங்கள் வாழும் தீவுகளின் சாயல் அந்தக் காதையில் இருக்கிறது என்பதைத் தனியாக எடுத்துச் சொன்னால்தான் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

மணிமேகலையில் ஆதிரை பிச்சையிட்ட காதையில் வருகிறான் சாதுவன். புகார் நகரத்து வணிகன். பரத்தையிடமும் சூதாட்டத்திலும் கைப்பொருளைத் தொலைத்தவன், இழந்ததைச் சம்பாதிக்க வங்கம் ஏறுகிறான். காற்றில் கப்பல் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு, ஆடை உடுத்தாத நாகர்கள் வாழும் ஒரு மலைப்பக்கம் ஒதுங்கி, களைப்பில் தூங்கிவிடுகிறான். நல்ல உணவு கிடைத்தது என்று நாகர்கள் அவனை எழுப்புகிறார்கள். அவன் அவர்கள் பாஷையில் பேசுகிறான். அந்த ஒன்றுதான் அவன் உயிரைக் காப்பாற்றுகிறது. தலைவனிடம் அழைத்துப் போகிறார்கள்.

ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று சொல்வது நிக்கோபாரை. சாதுவன் ஒதுங்கிய மலையும் அந்தப் பக்கம்தான் என்று கருதிய ஆய்வாளர்கள் உண்டு. அடித்துச் சொல்ல முடியாது, எனக்கு அது பெரிதும் இல்லை. எனக்குப் பெரிது அந்தத் தலைவன். விருந்தாளிக்குக் கள்ளும் ஊனும் ஒரு பெண்ணும் கொடுங்கள் என்கிறான். சாதுவன் வேண்டாம் என்றதும் அவனுக்குக் கோபம் வருகிறது, ஆனால் அது கேள்வியாகத்தான் வருகிறது. பெண்ணும் உணவும் இல்லாவிட்டால் இந்த உலகத்தில் வாழ்ந்து என்ன பயன் என்று கேட்கிறான். உயிர் இந்த உடம்பை விட்டு இன்னோரிடம் போய்ச் சேரும் என்கிறாயே, எப்படிப் போகும் என்று கேட்கிறான். கடைசியில், உன் அறம் முழுவதும் எங்களுக்கு ஒத்துவராது, எங்களால் முடிந்ததைச் சொல் என்கிறான். கப்பல் உடைந்து வருகிறவர்களைக் கொல்லாதே, மூப்படைந்து சாகிற விலங்கைத் தவிர வேறெதையும் கொல்லாதே என்று சாதுவன் இறங்கிவருகிறான். தலைவன் ஒப்புக்கொண்டு, முன்பு மாண்டவர்களின் சந்தனத்தையும் அகிலையும் துணியையும் அள்ளிக் கொடுக்கிறான். பிறகு சந்திரதத்தன் என்ற வணிகனின் கப்பல் வருகிறது, சாதுவன் புகாருக்குத் திரும்புகிறான்.

இந்தக் காதையில் மனத்தில் நிற்கிற பாத்திரம் சாதுவன் என்று விடைத்தாள் சொல்லும். எனக்கு நாகர் தலைவன்தான் நிற்கிறான். நல்ல கேள்விகள் எல்லாம் அவன் கேட்டவை. பெயர்தான் இல்லை. சாதுவனை ஏற்றிப்போன கப்பல்காரனுக்குக்கூடப் பெயர் உண்டு.

இதே நிலையில் நிஜத்தில் ஒருவன் நின்றிருக்கிறான். 1858 மார்ச் 10-ஆம் தேதி டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு இந்தத் துறைமுகத்தில் இறங்கித் தண்டனைக் குடியிருப்பைத் தொடங்கினார். அடுத்த மாதமே கைதிகள் கூட்டமாகத் தப்பி ஓடினார்கள். அவர்களில் ஒருவன் தூத்நாத் திவாரி. சிப்பாய்க் கலகத்தில் தண்டனை பெற்றவன். கூட வந்தவர்கள் அந்தமான் பழங்குடிகளின் அம்புக்குப் பலியாக, இவன் காயத்தோடு பிழைத்தான். அவர்கள் இவனைக் கொல்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். ஓராண்டுக்கு மேல் அவர்களோடு காட்டில் திரிந்தான், அவர்கள் மொழியைக் கற்றான், லீபா என்ற பெண்ணை மணந்தான். 1859 மே மாதம், தங்கள் நிலத்தைப் பிடித்துக்கொண்ட குடியிருப்பை அழிக்க அவர்கள் படை திரட்டியபோது, திவாரி ஓடிவந்து வெள்ளையர்களிடம் சொல்லிவிட்டான். மே 17-ஆம் தேதி அபர்டீனில் சண்டை நடந்தது. வில்லும் அம்பும் துப்பாக்கியின் முன்னால் என்ன ஆகும்? திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது, ஊர் போய்ச் சேர்ந்தான்.

சாதுவனையும் திவாரியையும் அடுத்தடுத்து வைத்து வகுப்பில் பேசுவேன். இருவரும் கடலில் வந்தவர்கள். இருவருக்கும் அந்த மக்களின் பேச்சு தெரியும். ஒருவன் அந்தப் பேச்சைக் கொண்டு அடுத்த கப்பல்காரனின் உயிரைக் காத்தான், மற்றவன் தன்னை வாழவைத்தவர்களைக் காட்டிக்கொடுத்தான். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவார்கள். கைதிக்கு விடுதலையைவிடப் பெரியது என்ன என்று ஒரு பையன் கேட்டான், நியாயமான கேள்வி. நான் அவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டது வேறு. கணவன் கடலில் மாண்டான் என்று கேட்டு ஆதிரை தீயில் இறங்கினாள், தீ அவளைச் சுடவில்லை, அவளுக்கு ஒரு காப்பியத்தில் இடம் கிடைத்தது. திவாரி விட்டுவிட்டு வந்தபோது லீபா கர்ப்பமாக இருந்தாள் என்று பதிவுகள் சொல்கின்றன. அதோடு அவளைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. அவள் மக்களும் ஏறக்குறைய முடிந்துபோனார்கள். 1858-இல் ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர்கள் 1961 கணக்கெடுப்பில் 19 பேர்.

லீபாவின் மக்களை உலகம் எப்படிப் படித்தது? ஆர்தர் கோனன் டாயிலின் ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ 1890-இல் வந்தது. அதில் ஜோனதன் ஸ்மால் என்ற வெள்ளைக்காரக் கைதி ஹோப் டவுனில் குடிசை போட்டு வாழ்கிறான். எங்கள் ஜெட்டியிலிருந்து வடக்கே பார்த்தால் துறைமுகத்துக்கு அக்கரையில், மவுண்ட் ஹாரியட் மலையடியில் தெரிகிற அதே ஹோப் டவுன். 1872 பிப்ரவரி 8-ஆம் தேதி வைஸ்ராய் மேயோ பிரபுவை ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதி குத்திக் கொன்றதும் அங்கேதான். ஸ்மால் காட்டில் நோயுற்றுக் கிடந்த டோங்கா என்ற அந்தமானியனைக் காப்பாற்றுகிறான், டோங்கா அவனைப் படகில் ஏற்றித் தப்பவைத்து லண்டன்வரை கூடப் போகிறான். அங்கே ஊதுகுழலால் விஷ முள்ளை ஊதிக் கொலை செய்கிறான். இவர்கள் நரமாமிசம் தின்கிறவர்கள் என்று ஹோம்ஸ் ஒரு புத்தகத்தைத் திறந்து வாசிக்கிறார்.

அந்தமானியர்களின் ஆயுதம் வில். ஊதுகுழல் அவர்களிடம் கிடையாது. அவர்கள் மனிதரைத் தின்பதில்லை என்பதை இங்கே பல வருடம் அதிகாரியாக இருந்த இ. எச். மேன், டாயிலின் நாவலுக்கு முன்பே, 1880-களில் எழுதி வைத்திருந்தார். படிக்க வேண்டியவர்கள் படிக்கவில்லை, அல்லது கதைக்கு அது தேவைப்படவில்லை. டோங்கா உறுமுவான், ஓடுவான், சுடப்பட்டுத் தேம்ஸ் நதியில் விழுவான். தன் மனத்தில் இருப்பதைச் சொல்ல ஒரு பேச்சு அவனுக்குத் தரப்படவில்லை. மணிமேகலையும் நாகர்களை மனிதரைத் தின்பவர்களாகத்தான் காட்டுகிறது. ஆனாலும் அது அவர்கள் தலைவனை உட்காரவைத்துப் பேசவிட்டது, அவன் சொன்னதைக் கேட்டு அறத்தை மாற்றிச் சொல்லவும் சம்மதித்தது. அத்தனை நூற்றாண்டு முந்திய காப்பியத்தில் இருந்த அந்த மரியாதை டாயிலின் கதையில் இல்லை. 2018 நவம்பரில் ஜான் ஆலன் சௌ என்ற அமெரிக்க இளைஞர் வேதம் சொல்லப்போய் வடக்கு சென்டினல் தீவில் உயிர்விட்டபோது உலகப் பத்திரிகைகள் எழுதியவற்றைப் படித்தேன். சென்டினல் மக்களைப் பற்றி எழுதியவர்கள் பலர் டோங்காவை விட்டு இன்னும் வெளியே வரவில்லை.

தமிழ்க் கைதிக்கு வருவோம்.

அந்தமான் என்ற பெயரே தமிழ்நாட்டில் நடுக்கம் தந்த காலம் உண்டு. 1908-இல் வ.உ.சி.க்குத் திருநெல்வேலியில் இரட்டை ஆயுள் தண்டனை, நாடு கடத்தல் என்று தீர்ப்பானபோது ஜனங்கள் நினைத்தது இந்தத் தீவுகளைத்தான். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, கோவையிலும் கண்ணனூரிலும் அவர் செக்கிழுத்தார், கல் உடைத்தார். அந்த நடுக்கத்தை மேடைக்குக் கொண்டுவந்தது கு. சா. கிருஷ்ணமூர்த்தியின் ‘அந்தமான் கைதி’ நாடகம். டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்தார்கள். 1952-இல் எம்.ஜி.ஆர். நடிக்கப் படமானது. சொத்து, துரோகம், தங்கையின் துயரம் என்று கதையின் பாரமெல்லாம் தமிழ்நாட்டு வீட்டுக்குள் இருக்கிறது. அந்தமான் ஒரு தண்டனையின் பெயராக மட்டும் நிற்கிறது. படம் வந்தபோது இங்கே தண்டனைக் குடியிருப்பு ஒழிந்து ஏழு ஆண்டு ஆகியிருந்தது. விடுதலையான நாட்டின் கப்பல்கள் கூலிக்கும் வேலைக்கும் ஆளை ஏற்றிவந்து இறக்கிக்கொண்டிருந்தன. என் அப்பாவும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கப்பலேறினார். அந்தமானில் வேலை என்று அவர் சொன்னதும் எங்கள் அப்பத்தா அழுத அழுகையை அத்தைகள் கடைசிவரை சொல்லிக் காட்டுவார்கள்.

1978-இல் சிவாஜியும் சுஜாதாவும் நடித்த ‘அந்தமான் காதலி’ வந்தது. முக்தா சீனிவாசன் எடுத்த அந்தப் படம் பயத்தைத் துடைத்துவிட்டு அழகைக் காட்டியது. எங்கள் கடலைத் திரையில் பார்த்து நாங்கள் கைதட்டினோம், பொய்யில்லை. 1996-இல் பிரியதர்ஷன் படம் ‘சிறைச்சாலை’ என்று தமிழில் வந்தபோது மறுபடி விலங்கு, சாட்டை, செக்கு. செல்லுலார் சிறையின் கொடுமையை அதைவிட அழுத்தமாகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை. அந்தக் கொடுமை நிஜம், அது மறக்கக்கூடாதது. சிறையில் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சியில் முற்றத்து அரசமரமே வாய் திறந்து சரித்திரம் சொல்கிறது, ஓம் பூரியின் குரலில். எத்தனை முறை கேட்டாலும் நெஞ்சு கனக்கும்.

ஆனால் மரத்துக்குக் குரல் கொடுத்த நாம், பட்டறைக் கைதிக்குக் கொடுத்தோமா? 1906-இல் கட்டி முடிந்த அந்தச் சிறை குடியிருப்பின் ஒரு பகுதி. நூற்றாண்டு திரும்பியபோது இங்கே 10,000-க்கு மேல் கைதிகள் இருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் திருட்டு, கொள்ளை, கொலை என்று வந்த சாதாரண ஜனங்கள். அவர்கள் காடு வெட்டினார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள், 1883-இல் தொடங்கிய சாத்தம் ஆலையில் படாக் மரம் அறுத்தார்கள். ஃபீனிக்ஸ் பேயில் அவர்கள் பட்டறைகள் இருந்தன. மரத்திலும் இரும்பிலும் பித்தளையிலும் குடியிருப்புக்கு வேண்டிய சாமான்களை அங்கே செய்தார்கள். எங்கள் டாக்யார்டு அந்தக் கைகளின் தொடர்ச்சி.

பத்தாண்டு அளவில் ஒழுங்காக இருந்த ஆண் கைதிக்கு அனுமதிச் சீட்டு கிடைக்கும். நிலம் வாங்கி உழலாம், மாடு வைத்துக்கொள்ளலாம், சவுத் பாயிண்ட் பெண்கள் சிறையிலிருந்து ஒருத்தியை, அதிகாரி சம்மதித்தால், கட்டிக்கொள்ளலாம். பெண்களை வரிசையாக நிறுத்தி ஆண்கள் பார்த்துப் பேசி முடிக்கிற அந்தக் காட்சியை அக்காலத்தில் வந்துபோனவர்கள் எழுதியிருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். அவன் ஒரு மாகாணம், அவள் ஒரு மாகாணம். அவன் சாதி அவளுக்கு ஆகாது, அவள் ஊர் அவன் கேள்விப்படாதது. இருவர் கையிலும் ஒரு பழைய குற்றம். கேட்டுத் தெரிந்துகொள்ளப் பொது மொழிகூட இல்லாமல் ஓர் அடுப்பைப் பற்றவைத்தார்கள். இந்துஸ்தானி வீட்டுப் பேச்சானது. அவர்கள் பிள்ளைகள்தான் இன்றைய ‘லோக்கல் பார்ன்’ குடும்பங்கள். ஜப்பானியர் வந்த 1942-க்கு முன்பே வேர்விட்டவர்கள் என்று அரசாங்கமும் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. எந்த நாவலாசிரியருக்கும் இதைவிடப் பெரிய முதல் அத்தியாயம் கிடைக்காது. கி. ராஜநாராயணன் கோபல்ல வரிசையில் ‘அந்தமான் நாயக்கர்’ என்றே ஒரு நாவல் எழுதினார். அதிலும் ஊரில் நின்றுகொண்டுதான் அந்தமான் பார்க்கப்படுகிறது, அவருடைய மண் கரிசல், அதில் குறையொன்றும் இல்லை. குறை எங்களுடையது. இக்கரையில் நின்று எழுத வேண்டியவர்கள் நாங்கள்.

2011 கணக்கெடுப்பில் தீவுகளில் தமிழ் பேசுவோர் சுமார் 15 சதவீதம். இத்தனை பேருக்கு ஒரு ப. சிங்காரம் வாய்க்கவில்லை. பினாங்கிலும் மெடானிலும் கடை வைத்த தமிழர்களுக்கு ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்று இரண்டு நாவல்கள் இருக்கின்றன. மலேயா ரப்பர் தோட்டத்துக்கு அகிலனின் ‘பால்மரக்காட்டினிலே’ உண்டு. அந்த உயரத்தில் ஃபீனிக்ஸ் பேக்கு ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை. அதற்கான ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்லிப்வேயில் ஏற்றிய படகின் அடியில் மல்லாந்து படுத்து, ஒட்டிக் காய்ந்த சிப்பியை அப்பா சுரண்டுவார். உப்பும் சிப்பித் தூளும் முகத்தில் கொட்டும். பக்கத்தில் ஒரு வங்காளி, ஒரு ராஞ்சிக்காரர், ஒரு தெலுங்கர், மலப்புரத்து மாப்பிள்ளைமார் வழிவந்த ஒருவர். பேச்சு இந்தியில், திட்டு மட்டும் அவரவர் தாய்மொழியில். சாப்பாட்டு மணி அடித்தால் டிபன் கேரியர்கள் கை மாறும். எந்தப் படகின் அடி எந்தப் பாறையில் இடித்தது என்று அப்பாவுக்குத் தழும்பைப் பார்த்தே தெரியும்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தெற்குத் தீவுகளிலிருந்து கப்பல் கப்பலாக ஜனங்கள் வந்து போர்ட் பிளேயரில் இறங்கினார்கள். பள்ளிக்கூடங்கள் முகாம்கள் ஆயின. அங்கே கச்சால் தீவிலிருந்து வந்த ஓர் அம்மாவைச் சந்தித்தேன். கச்சால் என்றால் 2000-ஆம் ஆண்டின் முதல் சூரியோதயம் தெரியும் இடம் என்று விளம்பரமாகி வெளியுலகம் கேள்விப்பட்ட தீவு. அங்கே ரப்பர் தோட்டம் உண்டு. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை அரசாங்கம் அந்தத் தோட்டத்தில் குடியமர்த்தியது. அந்த அம்மாவின் தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து தேயிலைக்குப் போனவர். அந்த அம்மா பிறந்தது கண்டிப் பக்கம் ஒரு லயத்தில், வளர்ந்தது கச்சாலில். தேங்காய் வியாபாரத்தில் பழகி நிக்கோபாரி பேசுவார். அலை வந்த காலையில் மேட்டுக்கு ஓடும் வழியைக் கத்திச் சொன்னவர் ஒரு நிக்கோபாரிக் கிழவர், அவர் பேச்சு புரிந்ததால்தான் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினேன் என்றார். கச்சால் இழந்த உயிர்கள் ஏராளம்.

முகாமில் பொழுது போக அவருக்குப் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யைப் படித்துக் காட்டினேன். வாசவன்பட்டி மருதி கப்பலேறி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சீரழிகிற கதை. முடிகிறவரை பேசாமல் கேட்டார். பிறகு, “அந்த மாதிரி லயத்துலதான் டீச்சர் எங்கம்மா என்னைப் பெத்தாங்க. அந்தப் பொண்ணு பட்டதுல பாதி எங்கம்மாவும் பட்டாங்க. அதுக்கப்புறம் நாங்க பட்டதை யாரு எழுதியிருக்கா?” என்று கேட்டார்.

நீங்க சொல்லுங்கக்கா, நான் எழுதுறேன் என்றேன். மறுநாள் நோட்டோடு போய் உட்கார்ந்தேன். கடல் உள்வாங்கிய நேரம் எத்தனை மணி இருக்கும் என்று கேட்டு ஆரம்பித்தேன். அவர் கையை நீட்டி நோட்டை மூடினார்.

“சுனாமியில ஆரம்பிக்காதீங்க டீச்சர். அதை எல்லாரும் வந்து கேட்டுட்டுப் போயாச்சு. எங்கப்பா நட்ட மரத்துல நான் முதமுதலா பால் வெட்டுனேனே, அதுல ஆரம்பிங்க.”